ஸ்பானிஷ் கிதாரும் அதைச் செய்யும் கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாசிக்கல் கிதார் கற்றுக்கொடுப்பவன் நான். விரல் பயிற்சி பற்றி வரும் கேள்விகளைவிட, "இதை யார் செய்றாங்க, எப்படிச் செய்றாங்க, ஏன் இந்த விலை?" என்று வரும் கேள்விகளே அதிகம். மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், கச்சேரி முடிந்து மேடைப் பக்கம் வருகிறவர்கள் எனப் பலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைத் தந்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாக விளங்கும்.

"ஸ்பானிஷ் கிதார்னு தனியா ஒண்ணு இருக்கா? கடையில தொங்குற அக்கூஸ்டிக் கிதாரும் அதுவும் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல. கடைகளில் அதிகம் தொங்குவது எஃகுக் கம்பி பூட்டிய கிதார். அது அமெரிக்காவில் வளர்ந்த வகை. ஸ்பானிஷ் கிதாருக்கு நைலான் நரம்புகள். கழுத்து அகலமாக இருக்கும். கையில் எடுத்தால் எடையே இல்லாததுபோல் தோன்றும். எஃகுக் கம்பி ஆறும் சேர்ந்து 70 முதல் 80 கிலோ அளவுக்கு இழுக்கும். நைலானின் இழுப்பு ஏறக்குறைய அதில் பாதிதான். இழுப்பு குறைவதால்தான் மேல்பலகையை இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்கு மெலியச் செய்ய முடிகிறது. அந்த மெல்லிய பலகைதான் இந்தக் கிதாரின் குரல்.

இதனாலேயே ஓர் எச்சரிக்கை. ஸ்பானிஷ் கிதாரில் எஃகுக் கம்பியைப் பூட்டாதீர்கள். மேல்பலகையில் நரம்புகளைக் கட்டும் பிரிட்ஜ் என்ற கட்டை பெயர்ந்து வரும். இல்லையென்றால் மேல்பலகை வளைந்துவிடும்.

"அப்போ நைலான் வர்றதுக்கு முன்னாடி என்ன போட்டாங்க?"

ஆட்டுக் குடலிலிருந்து முறுக்கிய நரம்பு. கீழ்ச்சுரங்களுக்குப் பட்டு இழையின்மேல் உலோகக் கம்பி சுற்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குடல் நரம்பு கிடைப்பது அரிதானது. நியூயார்க்கில் கிதார் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின், புகழ்பெற்ற ஸ்பானிஷ் கிதார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவின் ஊக்கத்தோடு 1940களில் நைலான் நரம்பைக் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்தில் வரும் பழைய கைவினைஞர்கள் எல்லாரும் குடல் நரம்பின் ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

ஒருவர் மட்டும் இல்லை. ஆனாலும் இன்று நாம் காணும் வடிவத்துக்கு ஒரு பெயர் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அது அந்தோனியோ தே தோர்ரெஸ். ஸ்பெயினின் தென்கோடியில் அல்மேரியாவை ஒட்டிய லா கன்யாதாவில் 1817இல் பிறந்தார், 1892இல் மறைந்தார். பன்னிரண்டு வயதில் தச்சுவேலைக்குப் போனவர். செவில்யா நகரில்தான் கிதார் செய்பவராகப் பெயர் பெற்றார். பிறகு அல்மேரியாவுக்குத் திரும்பி, பீங்கான் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டே கிதாரும் செய்தார். உலகமே பின்பற்றும் ஒரு வடிவத்தைத் தந்தவருக்குக் கிதார் மட்டும் சோறு போடவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மேல்பலகையின் உட்புறம் விசிறிபோல விரியும் மெல்லிய கட்டைகள் அவருக்கு முன்பே இருந்தன. காதிஸ் நகரத்துப் பாஹேஸ், பெனெதித் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் செய்தார்கள். தோர்ரெஸ் உடலைப் பெரிதாக்கினார். பலகையை மெலியவைத்து, மெல்லிய குமிழ்வு கொடுத்தார். ஏழு விசிறிக் கட்டைகளைச் சீரான கணக்கில் நிறுத்தினார். நரம்பின் நீளத்தை 650 மில்லிமீட்டரில் நிலைநிறுத்தினார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிய புதுமை இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியதுதான் அவருடைய சாதனை.

"அட்டையில கிதார் செஞ்சாராமே, அது நிஜமா?"

நிஜம்தான். 1862இல் செய்தார். மேல்பலகை மட்டும் மரம், முதுகும் பக்கங்களும் காகித அட்டை. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஒலியைத் தீர்மானிப்பது மேல்பலகைதான், முதுகும் பக்கமும் துணைக்கு வருபவை என்பதைக் காட்டவே அப்படிச் செய்தார். "முதுகு எந்த மரம்?" என்ற கேள்வியோடு கிதார் வாங்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

"சரி, என்னென்ன மரம் போடுறாங்க?"

மேல்பலகைக்கு ஐரோப்பிய மலைகளில் குளிரில் மெதுவாக வளரும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். ரேகை நெருக்கமாகவும் நேராகவும் இருக்க வேண்டும். மரத்தை நடுவிலிருந்து ஆரம் ஆரமாகப் பிளந்து எடுத்த பலகையாக இருக்க வேண்டும். ஒரே துண்டை ஏடு பிரிப்பதுபோல் இரண்டாக அறுத்து நடுவில் ஒட்டுவார்கள். அதனால்தான் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போல இருக்கின்றன. மேல்பலகைக்குச் சீடர் (cedar) என்ற மரமும் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். கழுத்துக்கு அமெரிக்க வெப்ப நாடுகளின் செத்ரெலா. சுருட்டுப் பெட்டி செய்யும் அந்த வாசனை மரம், நம் சந்தன வேம்புக்கு நெருங்கிய உறவு. விரல்பலகை கருங்காலி.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் பெயர்போனது பிரேசில் ரோஸ்வுட். அது அரிதான பிறகு அந்த இடத்தைப் பிடித்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். மாட்ரிட்டிலும் கிரனாடாவிலும் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் "இந்தியா" என்று எழுதிய ஈட்டிப் பலகைகள் சுவரோரம் சாய்ந்து உலர்ந்துகொண்டிருக்கும். பாட்டும் ஆட்டமும் சேர்ந்த தென் ஸ்பெயின் இசையான ஃபிளமெங்கோவின் கிதாருக்குச் சைப்ரஸ். மெருகேற்றும் அரக்கும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போவதுதான்.

"படிப்படியா எப்படிச் செய்றாங்க? அச்சுல வார்க்கிற மாதிரியா?"

அச்சே இல்லை என்பதுதான் ஸ்பானிஷ் முறையின் தனித்தன்மை. 'சொலேரா' என்ற ஒரு தட்டையான வேலைப்பலகை மட்டும் இருக்கும். அதன் நடுவே மிக லேசான குழிவு. மேல்பலகையை முகம் கீழாக அதன்மேல் கிடத்தி, கிதாரைக் கவிழ்த்த நிலையிலேயே கட்டி எழுப்புவார்கள்.

அதற்கு முன்பே பலகையை இழைத்து, ஒலித்துளையைச் சுற்றி ரோசெட் என்ற அலங்கார வளையத்தைப் பதித்திருப்பார்கள். சாயமேற்றிய மர இழைகள், சில ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதவை, கட்டாக ஒட்டிக் குறுக்கே சீவினால் கோலம்போல ஒரு வடிவம் வரும். அந்தச் சீவல்களை வட்டமாக அடுக்குவார்கள். பல பட்டறைகளின் கையெழுத்தே இதுதான். பிறகு விசிறிக் கட்டைகளை ஒட்டி, உளியால் செதுக்கி மெலியவைப்பார்கள். பலகையை விரலால் தட்டிக் கேட்பது, இரு கையாலும் லேசாக வளைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு சீவல் எடுப்பது என்று இந்தக் கட்டம் நீளும். யாரும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது கழுத்து. மற்ற முறைகளில் உடலைத் தனியே முடித்துக் கழுத்தைக் கடைசியில் பொருத்துவார்கள். இங்கே கழுத்தின் அடிப்பாதத்தில் இரு பக்கமும் காடி வெட்டி, மேல்பலகையோடு முதலிலேயே ஒட்டிவிடுவார்கள். பக்கப் பலகைகளை நனைத்துச் சூடான இரும்புக் குழாயில் வைத்துக் கையாலேயே வளைத்து, அந்தக் காடிக்குள் செருகுவார்கள். கழுத்தும் உடலும் பிரிக்க முடியாத ஒன்றாகிவிடும். மேல்பலகையும் பக்கமும் சேரும் விளிம்பு நெடுக, விரல் நுனி அளவுச் சிறு முக்கோணக் கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். கடைசியாக முதுகுப் பலகையை மூடுவார்கள். விளிம்புப் பட்டைகளை ஒட்டிய பிறகு, கிதார் முழுவதையும் கயிற்றால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பட்டறையில் முதன்முதலாகப் பார்ப்பவருக்கு மறக்காத காட்சி அதுதான்.

பிறகு விரல்பலகை, அதன் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள், மெருகு, பிரிட்ஜ், எலும்பில் செதுக்கிய நரம்புத் தாங்கிகள். முதுகு மூடிய பிறகு உள்ளே கைவிட்டுத் திருத்துவது பெரும்பாடு. அதனால் ஒலியைப் பற்றிய முக்கிய முடிவுகளெல்லாம், நரம்பே பூட்டாத நிலையில், கேட்க முடியாத ஒலியை மனதில் வைத்து எடுக்கப்பட்டுவிடுகின்றன.

"பசை ஃபெவிகால் மாதிரிதானா?"

இன்று பலர் வெள்ளைப் பசை பயன்படுத்துகிறார்கள், அதில் குற்றமில்லை. பழைய முறை வச்சிரம்: தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்ததைச் சூடாக்கித் தடவுவது. நம்மூர்த் தச்சர்களுக்கும் தெரிந்த பொருள். அது காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும். சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். நூறாண்டு கழித்து ஒருவர் கிதாரைத் திறந்து பழுதுபார்க்க வேண்டியிருந்தால் பலகையைக் கிழிக்காமல் பிரிக்கலாம். பின்னால் வரப்போகும் ஒருவரை எண்ணிச் செய்யும் வேலை என்பதால் எனக்கு வச்சிரத்தின்மேல் ஒரு பிடிப்பு உண்டு.

"மெருகு சீக்கிரம் கீறல் விழுதே. இவ்வளவு காசு குடுத்து ஏன் அரக்கு?"

ஆல்கஹாலில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டணத்தால் தொட்டு, வட்டமும் எட்டுமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். ஒரு கிதாருக்கு வாரக்கணக்கில் ஆகும். அந்தப் படலம் மிக மெல்லியது, பலகை அசைவதைத் தடுக்காது. தடித்த பாலியூரித்தேன் பூச்சு கீறலைத் தாங்கும். ஆனால் பலகைக்குச் சுமை. பல பட்டறைகளில் மேல்பலகைக்கு மட்டும் அரக்கும் மற்ற இடங்களுக்கு உறுதியான பூச்சும் தருகிறார்கள். நல்ல சமரசம் அது. கீறல் விழுந்தாலும் அரக்கின்மேல் அரக்கே ஏற்றிச் சரிசெய்துவிடலாம். வியர்வைதான் அதற்குப் பகை. வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள்.

"ஃபிளமெங்கோ கிதாரும் கிளாசிக்கல் கிதாரும் ஒரே பட்டறையில செய்றாங்களே, அப்ப ரெண்டும் ஒண்ணா?"

உடன்பிறப்புகள். தோர்ரெஸ் காலத்தில் இந்தப் பிரிவே தெளிவாக இல்லை. சைப்ரஸ் உள்நாட்டு மரம், மலிவு. ஈட்டியும் ரோஸ்வுட்டும் கப்பலில் வர வேண்டியவை. வசதியில்லாத வாசிப்பாளர்கள் சைப்ரஸ் கிதாரை வாங்கினார்கள். அதன் உலர்ந்த, சட்டென்று வெடிக்கும் ஒலி பாட்டோடும் ஆட்டத்தோடும் பொருந்திப்போனது. சைப்ரஸில் செய்தது 'பிளாங்கா', ரோஸ்வுட்டில் செய்த ஃபிளமெங்கோ கிதார் 'நேக்ரா'.

மரத்தைவிடப் பெரிய வித்தியாசம் அமைப்பில் இருக்கிறது. ஃபிளமெங்கோவில் பலகைகள் இன்னும் மெல்லியவை, உடல் ஆழம் குறைவு, நரம்புகள் விரல்பலகைக்கு மிக அருகில் ஓடும். வேகமாக வாசிக்கும்போது நரம்பு ஃப்ரெட்டில் பட்டு லேசாக அதிர்வதை அவர்கள் விரும்புவார்கள். கிளாசிக்கல் வாசிப்பாளர் அதையே குறை என்பார். விரலால் பலகையைத் தட்டுவதால் பாதுகாப்புத் தகடும் ஒட்டியிருக்கும்.

"கிரனாடா கிதார், மாட்ரிட் கிதார்னு சொல்றாங்க. ஊர் மாறினா என்ன மாறுது?"

வரலாறு மாறுகிறது, அதனால் பழக்கம் மாறுகிறது. மாட்ரிட் ஒரு பெரிய குடும்ப மரம். 1882இல் ஹோசே ராமிரெஸ் பட்டறை தொடங்கினார். தம்பி மனுவேல் அவரிடம் தொழில் கற்று, பாரிஸ் போகப்போவதாகச் சொல்லிக் கிளம்பி, கடைசியில் மாட்ரிட்டிலேயே கடை போட்டார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. மனுவேலின் பட்டறையில் வேலை செய்தவர்கள் சாந்தோஸ் எர்னாந்தெஸும் தொமிங்கோ எஸ்தெசோவும். எஸ்தெசோவின் மருமகன் முறையினர் (nephews)தான் பின்னால் 'கோந்தே' சகோதரர்கள். ஃபிளமெங்கோ மேதை பாக்கோ தே லூசியாவின் கையில் இருந்த கிதார்கள் பல அவர்களுடையவை. ஹோசேயின் இன்னொரு சீடர் என்ரிகே கார்சியா பார்சிலோனாவுக்குப் போய் அங்கே ஒரு கிளையைத் தொடங்கினார்.

கிரனாடாவில் குடும்ப மரத்தைவிடத் தெரு முக்கியம். அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு ஏறும் 'குவெஸ்தா தே கோமெரெஸ்' என்ற சரிவான தெருவில் கிதார்ப் பட்டறைகள் தலைமுறைகளாக இருந்துவருகின்றன. பெனித்தோ ஃபெர்ரெர், அவர் வழியில் எதுவார்தோ ஃபெர்ரெர், எதுவார்தோவிடம் கற்ற ஒரு தலைமுறை, அவர்களில் அந்தோனியோ மரின் மொந்தேரோ என்று அந்த வரிசை நீளும். அங்கே ஒருவருக்கொருவர் மரம் கடன் கொடுப்பதும், புதுக் கிதாரை அடுத்த பட்டறைக்காரரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் சாதாரணம். போட்டி இல்லாமல் இல்லை. ஆனால் ஒளித்து வைக்கும் பழக்கம் குறைவு. இந்தத் தொழில் பிழைத்திருப்பதற்கே அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

கோர்தோபாவில் மிகேல் ரோத்ரிகெஸ் குடும்பமும் மனுவேல் ரெயெஸும் புகழ்பெற்றவர்கள். ஊரை வைத்து ஒலியைக் கணிப்பது மட்டும் வேண்டாம். ஒரே தெருவில் இரண்டு கைவினைஞர்களின் கிதார்கள் இரு துருவங்களாக ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

"லேபிள்ல இருக்குற பேரு உள்ளவர்தான் செஞ்சாரா?"

பல சமயம் இல்லை. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது, பட்டறை மரபே அப்படி. 1912இல் பத்தொன்பது வயது செகோவியா மாட்ரிட்டில் மனுவேல் ராமிரெஸின் கடைக்கு, கச்சேரிக்காக ஒரு நல்ல கிதாரை வாடகைக்குக் கேட்டுப் போனார். வாசித்துக் காட்டியதைக் கேட்ட ராமிரெஸ் அதைச் சும்மாவே கொடுத்துவிட்டார். அந்தக் கிதார் இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லேபிளில் மனுவேல் ராமிரெஸ். செய்த கை சாந்தோஸ் எர்னாந்தெஸுடையது என்பதே பொதுவான கருத்து.

லேபிள் பொறுப்பேற்பவரின் பெயர். வடிவமும் மரத் தேர்வும் கடைசி ஒப்புதலும் அவருடையவை. சில பட்டறைகளில், செய்த ஊழியரின் முத்திரை கிதாரின் உள்ளே தனியாக இருக்கும். சேகரிப்பாளர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

"ஃபேக்டரி கிதாரும் ஸ்பெயின்ல செஞ்சதுதானே? அதையே வாங்கினா ஆகாதா?"

தாராளமாக ஆகும். வலேன்சியா வட்டாரமும் அதை ஒட்டிய ஊர்களும் தொழிற்சாலைக் கிதாருக்குப் பெயர்போனவை. முரோ தே அல்கோய் ஊரின் 'அல்ஹம்ப்ரா' நிறுவனம் 1965இல் தொடங்கியது. பல தொழிற்சாலைகளில் கழுத்தையும் பக்கத்தையும் சேர்ப்பது முன்பு சொன்ன ஸ்பானிஷ் முறையில்தான். முதல் ஐந்தாறு ஆண்டு கற்பவருக்கு இந்தக் கிதார்கள் போதும்.

வித்தியாசம் ஒரே இடத்தில்தான். தொழிற்சாலை பலகைகளைக் குறிப்பிட்ட தடிமனுக்கு இழைக்கிறது. கைவினைஞர் அந்தக் குறிப்பிட்ட பலகைக்கு வேண்டிய தடிமனுக்கு இழைக்கிறார். ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த பலகைகள்கூட விறைப்பில் மாறுபடும். வாங்கும்போது மேல்பலகை ஒட்டுப்பலகையா, முழு மரமா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

"ஒரு கிதாருக்கு எவ்வளவு நாள் ஆகும்? ஏன் லட்சக்கணக்குல விலை?"

கைவேலை மட்டும் நூறு மணி நேரத்துக்கு மேல். ஒட்டியது இறுகவும் மெருகு ஆறவும் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தால் சில மாதங்கள். தனியாக வேலை செய்பவர் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கிதார் செய்தால் அதிகம். பெயர் பெற்றவர்களிடம் வரிசை ஆண்டுக்கணக்கில் நீளும். பட்டறைக் கிதார் சில ஆயிரம் யூரோவில் தொடங்குகிறது. அதில் மரம், வாடகை, வரி போக மிஞ்சுவதை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். விலை அதிகம் என்று சொல்லத் தோன்றாது. மரத்தையே பத்து, இருபது ஆண்டு முன்பு வாங்கி உலர வைத்திருப்பார்கள்.

"ஸ்ப்ரூஸா, சீடரா? கடைக்காரர் ஒண்ணு சொல்றார், யூடியூப் ஒண்ணு சொல்லுது."

1960களில் மூன்றாம் ஹோசே ராமிரெஸ், வட அமெரிக்கச் செந்நிறச் சீடரை மேல்பலகைக்குக் கொண்டுவந்தார். நரம்பு நீளத்தையும் 664 மில்லிமீட்டராக உயர்த்தினார். பெரிய அரங்குகளில் வாசிக்கும் செகோவியாவுக்கு அது ஏற்றதாக இருந்தது. உலகம் முழுக்கப் பரவியது. சீடர் முதல் நாளிலிருந்தே கனிந்து, இளஞ்சூடாக ஒலிக்கும். ஸ்ப்ரூஸ் தொடக்கத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், வாசிக்க வாசிக்கத் திறக்கும், சுரங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

எனக்கு ஸ்ப்ரூஸ் பிடிக்கும். ஆனால் நல்ல கையில் செய்த சீடர், சுமாரான கையில் செய்த ஸ்ப்ரூஸைவிட எப்போதும் மேல்.

"என் கை சின்னது. 650 வேணாம், 640 வாங்கலாமா?"

வாங்கலாம். கணக்கைப் பாருங்கள். இடதுகை நான்கு விரலும் பரவும் முதல் நான்கு ஃப்ரெட்டின் நீளம் 650 நரம்பில் 134 மில்லிமீட்டர், 640இல் 132, முன்பு சொன்ன 664இல் 137. 640க்கும் 664க்கும் ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். விரித்துப் பிடிக்கும் இடங்களில் அது நன்றாகவே தெரியும். கழுத்தின் தடிமனும் நரம்பின் உயரமும் அதே அளவு முக்கியம். கைவினைஞரிடம் சொல்லிச் செய்யும்போது இந்த மூன்றையும் உங்கள் கைக்கு ஏற்றபடி கேட்கலாம்.

"தோர்ரெஸ் கிதாரோட அளவெல்லாம் இப்ப கிடைக்குதே. அப்படியே நகல் எடுத்தா அதே ஒலி வரணுமே?"

வருவதில்லை. தொழிற்சாலை பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட காரணம்தான்: அளவு ஒன்றாக இருந்தாலும் மரம் ஒன்றல்ல. தோர்ரெஸின் முதிய வயதில் அவருக்கு உதவியாக இருந்த பாதிரியார் ஹுவான் மார்த்தினெஸ் சிர்வெந்த் பின்னாளில் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டதற்கு, தன் கட்டைவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் பலகையைத் தொட்டு அறிவுக்குச் சொல்வதுதான் எல்லாம், அதை எப்படிக் கொடுத்துவிட்டுப் போவது என்ற பொருளில் தோர்ரெஸ் பதில் சொன்னாராம்.

அவர் சீடர் யாரையும் உருவாக்கவில்லை. ஆனாலும் வழி அறுந்துபோகவில்லை. காரணம், பழுதுபார்ப்பு. மாட்ரிட் கைவினைஞர்கள் தங்களிடம் பழுதுக்கு வந்த தோர்ரெஸ் கிதார்களைத் திறந்து, அளந்து, தடவிப் பார்த்துக் கற்றார்கள். ஆசான் இறந்த பிறகும் அவர் செய்த பொருளே பாடம் நடத்தியது. நல்ல பட்டறைகள் பழுதுவேலையை இன்றும் மறுப்பதில்லை. பழைய கைகளிடம் கற்க வேறு வழி இல்லை.

"ஜெர்மன்காரர் செஞ்சா அது ஸ்பானிஷ் கிதாரா?"

செய்யும் முறையும் ஒலியின் குறிக்கோளும் ஸ்பானிஷ் என்றால், ஆம் என்பேன். செகோவியா 1912 கிதாருக்குப் பிறகு நெடுங்காலம் வாசித்தது மியூனிக்கின் ஹெர்மான் ஹவுசர் 1937இல் செய்தது. அந்த ஹவுசர், செகோவியாவிடமிருந்த ராமிரெஸை ஆராய்ந்தும், ஸ்பானிஷ் கிதார்களை அளந்தும் தன் வழியைக் கண்டவர். மாட்ரிட்டில் பிறந்த ஹோசே லூயிஸ் ரோமனில்யோஸ் இங்கிலாந்தில் குடியேறி, அங்கேயே கிதார் செய்யத் தொடங்கி, ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜூலியன் பிரீமின் புகழ்பெற்ற 1973 கிதாரைச் செய்தார். பின்னர் ஸ்பெயினுக்கே திரும்பி, உலகின் பல பகுதியினருக்கும் ஸ்பானிஷ் முறையைக் கற்பித்தார்.

எனக்கு மிகப் பிடித்த சங்கிலி வேறு. மாட்ரிட்டில் தொழில் கற்ற ஹூலியான் கோமெஸ் ராமிரெஸ் பாரிஸில் பட்டறை வைத்தார். அவர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்ற ஓவியர் ரொபேர் புஷே தானே கிதார் செய்யத் தொடங்கி, பிரிட்ஜின் அடியில் ஒரு குறுக்குக் கட்டை வைக்கும் தன் முறையைக் கண்டார். புஷேயோடு நட்பாகி அந்த முறையைக் கிரனாடாவுக்குக் கொண்டுவந்தவர், மேலே சொன்ன அந்தோனியோ மரின். மாட்ரிட்டிலிருந்து போனது பாரிஸ் வழியாகக் கிரனாடாவுக்குத் திரும்பியது.

"பெண்கள் இந்தத் தொழில்ல இல்லையா?"

நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். கணவர் இறந்த பிறகு "மனுவேல் ராமிரெஸின் விதவை" என்ற லேபிளில் பட்டறையை நடத்திய பெண்ணின் பெயர்கூட அந்த லேபிளில் இல்லை. இன்று நிலைமை மாறிவருகிறது. ராமிரெஸ் குடும்பத்தின் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த அமாலியா ராமிரெஸ், தந்தை கையால் பட்டறையில் பயின்று, அண்ணன் 2000இல் மறைந்த பின் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார்.

"ரோஸ்வுட் கிதாரை விமானத்துல கொண்டு போனா பிடிச்சுக்குவாங்களா?"

எந்த ரோஸ்வுட் என்பதைப் பொறுத்தது. பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. நம் ஈட்டி உள்ளிட்ட மற்ற வகைகளை 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். சிறு பட்டறைகள் காகித வேலையில் திணறிப்போயின. 2019 நவம்பரிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு. விலக்கு பிரேசில் மரத்துக்குப் பொருந்தாது. பழைய கிதார் வாங்கும்போது மரத்தின் பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"லாட்டிஸ், டபுள் டாப் எல்லாம் வந்த பிறகு பழைய முறைக்கு என்ன வேலை?"

ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் பால்சா மரமும் கார்பன் இழையும் கொண்டு லாட்டிஸ் என்ற வலைப்பின்னல் போட்டு, மிக மெல்லிய மேல்பலகையை அதன்மேல் நிறுத்தினார். ஜெர்மனியில் இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே தேன்கூட்டு வடிவச் செயற்கைத் தாளை வைத்து ஒட்டும் 'டபுள் டாப்' முறை வந்தது. இரண்டும் உரத்து ஒலிக்கும். இசைக்குழுவோடு வாசிப்பவருக்கு அது உண்மையான தேவை. நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரே சுரத்தை விரல் நகரும் இடத்துக்கேற்பப் பத்து நிறத்தில் வாசிக்கும் வசதி, விசிறிக் கட்டைக் கிதாரில்தான் எனக்குக் கிடைக்கிறது. சிறு அறையில் வாசிப்பவருக்கு உரப்பு பெரிய விஷயமே இல்லை.

"எனக்கே செய்யக் கத்துக்கணும்னு ஆசை. எங்க தொடங்குறது?"

முன்பெல்லாம் பன்னிரண்டு, பதினான்கு வயதில் பட்டறைக்குள் போய், தரை பெருக்கிப் பசை காய்ச்சி வளர்வார்கள். இப்போது கிரனாடாவிலும் அதைச் சுற்றியும் சில வாரங்களில் ஒரு கிதாரை முடிக்கும் பயிற்சிகளைச் சில கைவினைஞர்கள் நடத்துகிறார்கள். போவதற்கு முன் உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் உளி தீட்டவும் இழைப்புளி பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கூர் இல்லாத உளியோடு போனால் பாதி நாட்கள் அதிலேயே போய்விடும். முதல் கிதாரை விலை உயர்ந்த மரத்தில் செய்யாதீர்கள்.

"ஸ்பெயின்லேர்ந்து கொண்டுவந்தேன். மழைக்காலத்துல நரம்பு உயர்ந்துடுது, ஏசி போட்டா கரகரன்னு சத்தம். கிதார் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. பெரும்பாலான பட்டறைகள் காற்றின் ஈரப்பதத்தைப் பாதி அளவில், 45–55 சதவீதத்தில், வைத்து ஒட்டுகின்றன. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் மேல்பலகை ஊதி மேலெழும், நரம்பும் உயரும். வறண்ட காற்றில் பலகை சுருங்கி அமுங்கும், நரம்பு ஃப்ரெட்டில் படும். இன்னும் வறண்டால் ரேகை வழியே பிளக்கும். ஈரத்தைவிட வறட்சிதான் ஆபத்து. கிதாரைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு சிறு ஈரமானியும், ஈரத்தை ஏற்கவும் விடவும் செய்யும் பொட்டணங்களும் போடுங்கள். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். விமானத்தில் வந்திறங்கிய பெட்டியை உடனே திறக்காமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் மூடியே வையுங்கள். பிளவு தெரிந்தால் நரம்பைத் தளர்த்திவிட்டு, அதில் நீங்களாக எந்தப் பசையையும் ஊற்றாமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். சுத்தமான பிளவை ஒட்டுவது எளிது. கடைப் பசை இறங்கிய பிளவைச் சரிசெய்ய, முதலில் அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.